காது குத்துக்கு நாலாவது லீவு

எனக்கு எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. எங்கள் வீட்டு மாடிப்படி பதினெட்டு. தெருவில் நாய்கள் ஏழு. (ஒன்று சினையாக இருக்கிறது, அந்தக் கவலை வேறு.) இந்தப் பழக்கம் என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது. ஒரே ஒருமுறை, முன்பின் தெரியாத ஊரில் பந்தலுக்கு நடுவே உட்கார வைத்துவிட்டது.

அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்து நான்கு வருடம் கோப்பு பார்த்து ஓய்வுபெற்றபின், பென்னாகரத்துக்கு வெளியே ஒரு தையல் கம்பெனியில் டைம் ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்தேன். வருகை, லீவு எல்லாம் என் பொறுப்பு. அப்போது எனக்கு வயது அறுபத்தொன்று. விளையாட்டுப் புத்தி.

சேர்ந்த வாரமே பதினான்கு விதிகள் எழுதி கேட்டில் ஒட்டினேன். ஒன்பதாவது விதி: வேலை நேரத்தில் வெளியே போக நான் கையெழுத்திட்ட கேட் பாஸ் வேண்டும், போனில் சொன்னால் செல்லாது.

துணி வெட்டும் முருகேசன் ஒருநாள் காது குத்துக்கு லீவு கேட்டு வந்தான். நோட்டைப் புரட்டினேன். அந்த வருடத்தில் அது நாலாவது காது குத்து.

“ஏம்ப்பா, நாலு காது குத்துன்னா எட்டுக் காது. உங்க வூட்ல மொத்தம் எத்தனை காது இருக்கு?”

“மூணு அக்காங்க சார். நான் ஒரே தம்பி. தாய்மாமன் மடியில வெச்சுத்தான குத்தணும்.”

“எல்லாருக்கும் உன் மடிதானா?”

“வேற மடி இல்லீங்களே சார்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகவே லீவு இல்லை என்று எழுதினேன். சாயங்காலத்துக்குள் அறுபத்திரண்டு பேர் கையெழுத்திட்ட மனு ஓனரிடம் போய்விட்டது. (அதில் இரண்டு ஒரே கையெழுத்து, தனியாகக் குறித்து வைத்தேன்.) “பொய்யின்னு காட்டுங்க, இல்லன்னா லீவு குடுங்க” என்றார் ஓனர்.

“நாளைக்குப் பத்தரைக்குள்ள குத்தறாங்க. நம்பலன்னா வந்து பாருங்க சார்” என்றான் முருகேசன்.

வருகிறேன், அதுவரை நீ வேலையில் இரு என்றேன். என் திட்டத்தில் ஓட்டையே இல்லை. எட்டு பத்து பஸ்ஸில் ஏறினால் ஒன்பது மணிக்கு ஏரியூருக்குப் பக்கத்தில் அவன் அக்கா செல்வியின் ஊர். பொய் என்றால் அவன் மாட்டினான். உண்மை என்றால் அங்கிருந்தே போன் போடுவேன். பைக்கில் நாற்பது நிமிடத்தில் வந்துவிடுவான்.

வழியில் ஆட்டு மந்தை குறுக்கிட்டது. எண்பத்து மூன்று ஆடுகள், குட்டிகள் நீங்கலாக. அப்புறம் பஸ்ஸே நின்றுவிட்டது. ஒருவழியாக ஊரில் இறங்கியபோது ஒன்பது நாற்பது. பந்தல், ஸ்பீக்கர், மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஒரு வயதுப் பெண் குழந்தை. எல்லாம் உண்மை. உடனே கம்பெனி வாட்ச்மேன் மாதையனைக் கூப்பிட்டேன்.

“முருகேசனை வெளிய விடு.”

“பாஸ் இருக்குங்களா சார்?”

“நான்தான்யா பேசறேன்.”

“அப்படித்தான் சார் எல்லாரும் சொல்றாங்க. ஒம்பதாவது ரூலுங்க.”

“அதை எழுதினதே நான்.”

“அதனாலதாங்க சார் பயமா இருக்குது. போன வாரம் இதுக்குத்தான எனக்கு மெமோ குடுத்தீங்க.”

ஆறு முறை கூப்பிட்டேன். ஆறு முறையும் அவன் கடமை தவறவில்லை. ஓனர் போனை எடுக்கவில்லை. நிமிர்ந்தால், குழந்தையை இடுப்பில் வைத்தபடி செல்வி எதிரே நின்றாள்.

“எந்தம்பிக்கு லீவு குடுக்காதவரு நீங்கதானுங்களா?”

“அதாவதும்மா, விதிப்படி...”

“நேரம் எவ்ளோ இருக்குது?”

“பதினோரு நிமிஷம்.” (அது மட்டும் சரியாகச் சொன்னேன்.)

“அப்ப ஒக்காருங்க. அவன அங்க புடிச்சு வெச்சவரு, இங்க அவன் எடத்துல ஒக்காந்துதான் ஆவணும்.”

“அவரு மொறையில்லியேம்மா” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

“நான் அண்ணான்னு கூப்ட்டா மொறை ஆயிடும். ஒக்காருங்கண்ணா.”

உட்கார்ந்தேன். முதல் காதுக்குக் குழந்தை அழவில்லை. இந்தக் கிழவன் யார் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டாவது காதுக்கு என் கட்டைவிரலைக் கடித்தது. நாலே பல்தான். ஆனால் நான் போட்ட சத்தத்தில் மேளம் நின்றது. போட்டோக்காரர் அந்த நொடியைத்தான் எடுத்தார். அப்புறம் மடி நனைந்தது.

பத்து ஐம்பதுக்கு முருகேசன் வந்தான். கம்பெனிச் சுவரேறிக் குதித்திருக்கிறான், சட்டை கிழிந்திருந்தது. குழந்தையின் காதைப் பார்த்தான்.

“முடிஞ்சுதுங்களா” என்றான். குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டான். “இதுதாங்க சார் கடைசிக் கொழந்த. இனிமே எங்க வூட்ல காது குத்து இல்ல.”

திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன். ஈரப் பேண்ட்டோடு கம்பெனிக்கு பஸ் ஏறினேன்.

சுவரேறியவன் மேல் நடவடிக்கை எடுக்கச் சொன்னார் ஓனர். முடியாது என்றேன். முருகேசனுக்கு அன்று முழு நாள் லீவு என்று நோட்டில் எழுதினேன். அனுமதியின்றி வராதவர் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். பிறகு நேரே கேட்டுக்குப் போய் அந்த விதித் தாளைக் கிழித்தேன். “கிழிக்க ஆர்டர் இருக்குங்களா சார்?” என்று கேட்டான் மாதையன்.

இப்போது எனக்கு எழுபது. நான் வாய் பிளந்து கத்தும் படம் செல்வி வீட்டுச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. அந்தக் குழந்தை ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு நான் லீவு மாமா. போன வாரம் போன் செய்தாள்.

“லீவு மாமா, நாளைக்கு ஸ்கூலுக்கு லீவு வேணும்.”

“காரணம்?”

“போகப் புடிக்கல.”

சமையலறையிலிருந்து என் மனைவி சொன்னாள்: “பேசாம குடுத்துடுங்க. இல்லன்னா அவ டீச்சர் கூப்ட்டு, அவ பெஞ்சுல உங்கள ஒக்கார வெச்சுருவாங்க.”

அரை நாள் கொடுத்தேன்.