கபாஸ் சாப்பிட மாட்டேன் என்றது

“ராத்திரி பன்னெண்டு மணியிலேருந்து ஒரு புல்லு கூடக் கண்ணுல காட்டல,” என்றார் ஜுரைமி, தொலைபேசியில், பெருமையாக.

எதிர்முனையில் இருந்த கால்நடை மருத்துவமனைத் தாதி சுஹைலா ஒரு சாதாரண கேள்விதான் கேட்டிருந்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கபாஸுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பல்லை ராவ வேண்டும். முயல் காலையில் நன்றாகச் சாப்பிட்டதா?

“பக்சிக், பட்டினி போடச் சொன்னது யாரு?” என்றாள், மலாய் முறையில் அவரை மாமா என்று அழைத்து.

யாரும் சொல்லவில்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் ஜுரைமிக்குப் பித்தப்பையில் கல் எடுத்தபோது முதல் நாள் நள்ளிரவிலிருந்து பட்டினி போட்டார்கள். மயக்க மருந்து என்றால் பட்டினி என்பது அன்றிலிருந்து அவர் மண்டையில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. போதாக்குறைக்கு இது நோன்பு மாதம். வீட்டில் எல்லோரும் பசியோடு இருக்கையில் முயல் மட்டும் என்ன உசத்தி என்று புல் கூடையைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டார்.

சுஹைலா பொறுமையாக விளக்கினாள். முயலுக்கு வாந்தி எடுக்கவே வராது, அதனால் பட்டினி தேவையில்லை. வயிறு காலியாக இருந்தால்தான் ஆபத்து, குடல் ஓட்டம் நின்றுவிடும். நின்றுவிட்டால் டாக்டர் கோ ஊசியைத் தொடவே மாட்டார். ஐந்து மணிக்குள் அது சாப்பிட வேண்டும், புழுக்கை போட வேண்டும். கூடவே அதன் ஜோடி முயலையும் அழைத்து வர வேண்டும், பிரித்து வைத்தால் ஒன்றை ஒன்று மறந்து சண்டை போடும். இன்றைக்கு முடியாவிட்டால் இரண்டு வாரம் கழித்துத்தான், டாக்டர் நாளைக்கு விடுமுறையில் போகிறார்.

பெருநாளுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

கபாஸ் வெள்ளை, ஆராங் கறுப்பு. மலாயில் பஞ்சும் கரியும் என்று மகள் நாதிரா வைத்த பெயர்கள். கல்யாணமாகிப் போனபோது, மாப்பிள்ளைக்கு முயல் முடி பட்டால் தும்மல் வருகிறது என்று இரண்டையும் சிங்கப்பூர் பிடோக்கில் அப்பா வீட்டிலேயே விட்டுவிட்டாள். ஜுரைமியின் மனைவி கல்தோம் இந்த ஜந்துகள் தனக்குப் பிடிக்காது என்று அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்தத் தீர்ப்பு பெருநாள் நெருங்க நெருங்கக் கூர்மையாகிக்கொண்டே வந்தது. கபாஸின் பல் வளர்ந்து எச்சில் ஒழுகுகிறது, விருந்தாளி வந்து உட்காரும் விரிப்பெல்லாம் ஈரம். பெருநாளுக்குள் ஒழுகல் நிற்க வேண்டும், இல்லையென்றால் இரண்டும் எல்லை தாண்டி ஜொகூரில் ஒரு தோட்டக்காரரிடம் போக வேண்டும். பல் கோணலான முயல் தோட்டத்தில் ஒரு மாதம் தாங்காது என்று ஜுரைமிக்குத் தெரியும். முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர் அவர். வீட்டில் அவர் சொல்வதை முழுசாகக் கேட்கிற ஒரே ஜீவன் கபாஸ்தான்.

நல்ல வேளையாக நாதிராவே மருத்துவமனையில் நேரம் வாங்கிவிட்டதாகச் சொன்னாள். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்றும் சொன்னாள். கல்தோமும் அன்று காலையிலேயே அன்னாசி பலகாரம் சுட உட்லண்ட்ஸில் தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். எல்லாம் கூடி வந்திருந்தது, முயலின் வாயைத் தவிர.

ஜுரைமி புல்லை இறக்கினார். கொத்தமல்லிக் கட்டைப் பிரித்து வைத்தார். ஆராங் வந்து மொத்தத்தையும் தின்றது. கபாஸ் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. தினமும் தட்டு காலியாகத்தான் இருக்கும், இரண்டும் சாப்பிடுகின்றன என்றுதான் அவர் இத்தனை நாள் நினைத்திருந்தார்.

ஆராங் இருந்தால் கபாஸுக்கு மிஞ்சாது என்று ஆராங்கைத் தூக்கிப் படுக்கையறையில் விட்டுக் கதவைச் சாத்தினார். கபாஸ் பின்னங்காலால் தரையைத் தட்டியது. உள்ளேயிருந்து ஆராங்கும் தட்டியது. பதில் தட்டல், பதிலுக்குப் பதில் தட்டல் என்று அரை மணி நேரம் போயிற்று. பிறகு உள்ளே சத்தம் அடங்கியது. நிம்மதியாக இருந்தவருக்குத்தான் மெதுவாக உறைத்தது, படுக்கையறையில் பெருநாளுக்குத் தைத்த புதுத் திரைச்சீலைகள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன என்று.

கதவைத் திறந்தார். பச்சைத் திரைச்சீலையின் நடுவில் ஒரு தட்டு அளவுக்கு ஓட்டை. பக்கத்தில் ஆராங் திருப்தியாக மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் குடல் ஓடுகிற முயல் அது ஒன்றுதான்.

மணி பன்னிரண்டைத் தாண்டியது. கைப்பேசியில் முயல் வளர்ப்போர் குழு ஒன்றில் தேடினார். வளர்ப்பவர் கூடவே உட்கார்ந்து மென்று காட்டினால் முயலும் மெல்லும் என்று யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார். ஜுரைமி கூடத்தில் குப்புறப் படுத்தார். கபாஸின் மூக்குக்கு நேரே மூக்கை வைத்துக்கொண்டு, அடுத்த கட்டிலிருந்து ஒரு கொத்தமல்லித் தண்டை உதட்டில் கவ்வி, விழுங்காமல் ஜாக்கிரதையாகத் தாடையை மட்டும் ஆட்டினார்.

பழைய திரைச்சீலைகள் சலவைக்குப் போயிருந்தன. சன்னல் வெட்டவெளியாக இருந்தது. வெளியே பொது நடைபாதையில், துவைத்த துணிக் கூடையோடு பக்கத்து வீட்டு அக்கா, காக் செனா, நின்றுகொண்டிருந்தார். நடுப்பகலில், நோன்பு மாதத்தில், பள்ளிவாசல் கஞ்சிக் குழுவில் மூத்தவர் வரிசையில் மூன்றாவதாக இருக்கிற ஜுரைமி, தரையில் படுத்துக்கொண்டு இலை தின்பதை அவர் முழுசாகப் பார்த்துவிட்டார்.

“காக், இது நான் திங்கல. முயலுக்குச் சொல்லிக் குடுக்கறேன்.”

“முடியாதவங்களுக்கு அல்லா சலுகை குடுத்திருக்கான் ஜுரைமி,” என்றார் காக் செனா மிக மென்மையாக. “ஆனா சன்னலை மூடிக்கிட்டுச் சாப்பிடு.”

முயலைக் காட்டி விளக்கலாம் என்று திரும்பினால், கபாஸ் சோபாவுக்கு அடியில் போய்விட்டிருந்தது.

வேறு வழியில்லாமல் கையில் கிடைத்த புதுத் திரைச்சீலையை எடுத்து மாட்டினார். ஓட்டை சரியாகச் சன்னலின் நடுவில் வந்து நின்றது. இப்போது நடைபாதையில் போகிறவர்களுக்கு வீடு முழுவதும் தெரியவில்லை. ஓட்டை வழியாகத் தாடையை ஆட்டிக்கொண்டிருக்கும் ஜுரைமியின் முகம் மட்டும் தெரிந்தது. அவ்வழியே போன மூன்று பேர் சலாம் சொல்லாமலேயே வேகமாக நடந்தார்கள்.

ஒரு மணிக்குக் கம்பிக் கதவில் ஒரு பை தொங்கியது. உள்ளே மூடிபோட்ட கிண்ணத்தில் சூடான அரிசிக் கஞ்சி. வயிற்றுப்புண்காரருக்கு என்று காக் செனா எழுதி வைத்திருந்தார். இரண்டு மணிக்குப் புளோக்கின் அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் ஜுரைமியின் உடல்நலத்துக்குப் பிரார்த்தனைகள் வரத் தொடங்கின. நான்காம் மாடிக்காரர் தனக்குத் தெரிந்த குடல் மருத்துவரின் எண்ணை அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் கல்தோமிடமிருந்து தனிச்செய்தி வந்தது, வீட்டில் என்ன நடக்கிறது என்று. ஒன்றுமில்லை என்று பதில் போட்டார். நோன்போடு பொய் சொன்ன பாவம் வேறு சேர்ந்துகொண்டது.

கபாஸ் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. கீழே கடைக்கு ஓடி வாழைப்பழம் வாங்கி வந்தார், முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. கேரட்டை முழுசாக நீட்டினார், தள்ளிவிட்டது. நாலு மணிக்கு அவர் அதன் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, உனக்காக ஊரெல்லாம் என்னை நோன்பு முறித்தவன் என்கிறது, ஒரே ஒரு இலை தின்னக் கூடாதா என்று கேட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கபாஸ் அவர் கையை நக்கியது. அதில்கூட எச்சில்தான் அதிகம் இருந்தது.

மிச்சமிருந்த கொத்தமல்லி, கேரட்டோடு இரண்டையும் ஒரே கூண்டில் வைத்து டாக்சியில் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தாகப் பத்து நிமிடம். டாக்டர் கோ கபாஸின் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். சத்தம் இருக்கிறது, ஆனால் மெதுவாக இருக்கிறது என்றார். ஏதாவது உள்ளே போனால் அரை மணி பொறுத்துப் பார்க்கலாம். போகாவிட்டால் இன்று வேண்டாம், முயலின் உயிரோடு விளையாட மாட்டேன் என்றார்.

ஜுரைமி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். ஜொகூர்த் தோட்டம் கண்முன்னால் வந்தது.

அப்போது கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு கல்தோம் உள்ளே வந்தார். தலைத்துணியெல்லாம் மைதா மாவு. நாதிராதான் போட்டுக் கொடுத்திருப்பாள் என்று ஜுரைமி முடிவு செய்துகொண்டார். இனி மறைக்க ஒன்றுமில்லை.

“பன்னெண்டு பேரு மெசேஜ் போட்டுட்டாங்க அபாங். நீங்க பட்டப்பகல்ல இலை திங்கறீங்களாம்.”

“நான் முழுங்கல, கல்தோம்.”

“அது எனக்குத் தெரியாதா? நோன்பை முறிக்கணும்னா நீங்க ஆட்டுக்கறிக்கு முறிப்பீங்க, கொத்தமல்லிக்கா முறிப்பீங்க?” என்றவர் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். முழுசு முழுசாகக் கிடந்த தண்டுகளையும் கேரட்டையும் பார்த்ததும் முகம் மாறியது. “பல்லு வலிக்கிற ஜென்மத்துக்கு இப்படியா வைப்பாங்க? உங்களுக்குப் பல்லு வலிச்சப்ப நான் எலும்போட குழம்பு வெச்சேனா?”

கல்தோம் கொத்தமல்லி இலைகளை மட்டும் கிள்ளினார். உள்ளங்கையில் வைத்து நகத்தால் பொடிப்பொடியாக நறுக்கி, கசக்கி, சாறு வரும் பதத்தில் உருட்டி நீட்டினார். கபாஸ் எழுந்து வந்தது. ஒரு வாய் தின்றது. பிறகு இன்னொரு வாய். ஆராங் குறுக்கே மூக்கை நீட்டியபோது கல்தோம் புறங்கையால் அதைத் தள்ளிவிட்டார். கபாஸ் கிள்ளிக் கொடுத்த இலை முழுவதையும் தின்று முடித்து, மருத்துவமனைத் தரையில் கறுப்பாக ஏழு உருண்டைகளைப் போட்டது. ஜுரைமி தன் வாழ்நாளில் எந்தப் புழுக்கையையும் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை.

“உனக்கு எப்படித் தெரியும்?” என்று அவர் வாய்விட்டுக் கேட்டார்.

நாற்பது வருடமாகச் சமைக்கிற தனக்கு, எந்த வாய்க்கு எப்படிப் போட வேண்டும் என்று தெரியாதா என்றார் கல்தோம். அந்தப் பதிலில் ஜுரைமிக்குக் குறை எதுவும் தெரியவில்லை.

டாக்டர் கோ மறுபடி வயிற்றில் வைத்துக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். இன்னும் அரை மணியில் மயக்க மருந்து கொடுத்துவிடலாம், சம்மதப் படிவத்தில் கையெழுத்து வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கல்தோம் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். “பல்லு சரியானாலும் சரி, ஆகாட்டியும் சரி. திரைச்சீலையில ஓட்டைன்னு செனா போட்டோ அனுப்பிட்டா. பெருநாளைக்கு முன்னாடி ரெண்டும் ஜொகூருக்குப் போயே ஆகணும். எனக்கு இந்த ஜந்துகளையே பிடிக்காதுன்னு உங்களுக்குத் தெரியும்.”

தெரியும் என்று ஜுரைமி தலையைக் குனிந்துகொண்டார். வாதாடத் தெம்பில்லை, நோன்பு திறக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. பேனாவை எடுத்துப் படிவத்துக்காகக் கையை நீட்டினார்.

சுஹைலா அலமாரியிலிருந்து கபாஸ் பெயர் போட்ட தடிமனான கோப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். ஜுரைமியின் நீட்டிய கையைக் கவனிக்காமல் கல்தோமிடம் திரும்பிக் கேட்டாள்.

“மக்சிக், பேரு எழுதற இடத்துல எப்பவும் போல ‘கபாஸோட அம்மா’ன்னே போட்டுடட்டுமா?”