சின்ன ரூமில் ஆறு ஏஞ்சல் மீன்கள்

மாமனாரைப் பார்த்து "வாங்க" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. தை மாதத்தில் ஒரு நாள் பல் விளக்கிக்கொண்டே தனசேகர் எடுத்த முடிவு இது. வாய் நிறைய நுரை இருந்ததால் அப்போதைக்கு அந்த முடிவைக் காப்பாற்றுவது சுலபமாக இருந்தது.

விஷயம் இதுதான். அவன் மனைவி கலைமணியின் அண்ணன், ராசிபுரம் பக்கத்தில் இருக்கிற பழைய வீட்டைச் சித்திரையில் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறான். முடிய எட்டு மாதமாவது ஆகும். அதுவரை அண்ணனுக்கும் அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் அண்ணியின் தாய்வீடு இருக்கிறது. மாமியார் தவறி மூன்று வருஷமாகிறது. மிச்சம் நிற்பவர் மாமனார் காளியப்பன். அவர் எங்கே போய்த் தங்குவது?

நாமக்கல்லில் மகள் வீடு இருக்கிறது. அந்த வீட்டில் ஒரு சின்ன ரூம் சும்மாவும் கிடக்கிறது. ஆனால் மகள் கூப்பிட்டாள் என்று வந்து தங்குகிற ஆள் இல்லை காளியப்பன். மாப்பிள்ளை வாய் திறந்து கூப்பிட வேண்டும். கூப்பிடாத வீட்டில் காபி குடிக்கலாம், பாய் விரிக்கக் கூடாது. அவர் கௌரவம் அப்படி.

"ஏனுங்க, அப்பாவ நீங்க ஒரு வார்த்த கூப்புடோணும்" என்றாள் கலைமணி.

தனசேகர் நுரையைத் துப்பினான். "பாக்கலாம்."

காளியப்பன் கெட்டவர் இல்லை. முப்பது வருஷம் வடநாட்டு லோடு ஓட்டியவர், அவ்வளவுதான். இஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, இஞ்சின் இல்லாத இடத்திலும் அதே குரல்தான். செல்போன் மணியாகக்கூட லாரி ஹாரனைத்தான் வைத்திருந்தார். லாரி டயரைத் தட்டிப் பார்த்துக் காற்று கணக்குப் பார்க்கிற பழக்கம் லாரியை விற்ற பிறகும் கையை விட்டுப் போகவில்லை. தீபாவளிக்கு இரண்டு நாள் வந்திருந்தார். காஸ் சிலிண்டர், பிரிட்ஜ், மாடித் தண்ணீர் டேங்க் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார். கடைசியில் தனசேகரின் வயிற்றையும் தட்டிப் பார்த்துவிட்டு, "காத்து ஜாஸ்தியா இருக்குதுங்க மாப்ள" என்று சொல்லிவிட்டுப் போனார். எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் பேச்சு கௌஹாத்தியில் போய்த்தான் நிற்கும். இரண்டு நாளில் தனசேகர் நான்கு தடவை கௌஹாத்தி போய் வந்தான். எட்டு மாதம் என்றால் அங்கேயே ரேஷன் கார்டு வாங்கிவிடலாம்.

அதற்காக முடியாது என்றும் சொல்லிவிட முடியுமா? கலைமணி அழ மாட்டாள், சண்டை போட மாட்டாள். சாப்பாட்டில் உப்பைக் குறைத்துவிடுவாள், காரணம் கேட்டால் உங்கள் உடம்புக்காக என்பாள். ஆகவே தனசேகர் வேறு வழி கண்டுபிடித்தான். இடமே இல்லாவிட்டால் எப்படிக் கூப்பிடுவது?

"ஒரு பெரிய மீன் தொட்டி வெக்கலாம்னு இருக்கறேன். சின்ன ரூம்ல."

"எதுக்குங்க?"

"மீனப் பாத்துக்கிட்டே இருந்தா பிரஷர் எறங்குமாம். டாக்டர் சொன்னாரு."

"உங்களுக்கு பிரஷர் இருக்குதுங்களா?"

"வரப்போகுது."

கலைமணி "செரிங்க" என்றாள்.

கல்யாணமாகி ஏழு வருஷத்தில் அவள் எதற்கும் முதல் பேச்சிலேயே சரி என்று சொன்னதில்லை. தனசேகர் அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். அவன் டேப் எடுத்துக்கொண்டு ரூமை அளக்கப் போய்விட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் தீபிகாவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனார்கள். மீன் கடைக்காரர் தமிழரசு, புதிதாக வளர்க்கிறவர்களுக்குச் சொல்கிற மாதிரி, "தங்கமீன் வெச்சுக்கங்க, தொந்தரவே இருக்காது" என்றார்.

"தொந்தரவு இருக்கோணும்" என்றான் தனசேகர். "இருக்கறதுலயே நோஞ்சான் மீனு எது?"

தமிழரசு இப்படி ஒரு ஆளைப் பார்த்ததில்லை. யோசித்து, மூலையில் இருந்த உயரமான தொட்டியைக் காட்டினார். ஏஞ்சல் மீன்கள். தட்டையான உடம்பு. மேலும் கீழும் நீண்டு தொங்குகிற துடுப்பு. பட்டுச்சேலை தரையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மண்டபத்தில் நடக்கிற சம்பந்தியம்மா மாதிரி ஒவ்வொன்றும் மெதுவாகத் திரும்பியது.

"சத்தம் ஆகாதுங்க இதுக்கு" என்றார் தமிழரசு.

"அப்படியா."

"கண்ணாடியத் தட்டவே கூடாது."

"அப்புறம்?"

"புது ஆளுக கிட்டப் போயி நின்னாலே பயந்துக்கும். ஒளிஞ்சுக்கச் செடி நெறைய வேணும். போர் தண்ணி ஆகாது. காவிரித் தண்ணியப் புடிச்சு வெச்சுத்தான் ஊத்தோணும்."

ஒவ்வொன்றையும் கேட்கக் கேட்கத் தனசேகருக்கு முகம் மலர்ந்தது. தன் மாமனாரைப் பார்த்து, அவரை மனதில் வைத்தே ஆண்டவன் படைத்த மீன் என்று பட்டது. "இதையே குடுங்க."

கலைமணி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "பகல்ல ஊட்ல ஆளு இல்லாட்டிப் பரவால்லீங்களா?"

"பெரிய மீனுக்குப் பரவால்லீங்க. முட்ட வெச்சுக் குஞ்சு வந்துட்டாத்தான் கஷ்டம். நாலு வேள தீனி போடோணும். கரண்டு போயிருச்சுன்னா காத்து மோட்டார் நின்னுபோகும், உடனே பேட்டரி மோட்டாரப் போடோணும். ஒரு ஆளு பக்கத்துலயே உக்காந்திருக்கோணும்."

"அப்படிங்களா" என்றாள் கலைமணி. பிறகு, "இதே இருக்கட்டுங்க, அழகா இருக்குது" என்றாள்.

தனசேகருக்கு இது எதுவும் காதில் ஏறவில்லை. அவன் தொட்டியின் நீளத்தைச் சாண் போட்டுக்கொண்டிருந்தான். "இதுக்கு அடுத்த சைசு இருக்குதுங்களா?"

அடுத்த சைசே வந்தது. நாலடி நீளம், இரண்டடி உயரம், கீழே இரும்பு ஸ்டாண்டு. அடியில் செடிக்கான மண், அதன் மேல் மணல். பின்னால் நாடா மாதிரி நீளப் புல். நடுவில் வாள் மாதிரி அகல இலைச் செடி. முந்நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் ஊற்றிய பிறகு ஜேசிபி வந்தாலும் அதை நகர்த்த முடியாது. மிச்சமிருந்த தரையில் காவிரித் தண்ணீர் பிடித்து வைக்க மூன்று நீல டிரம். கட்டில் என்ன, அந்த ரூமில் ஒரு முறுக்கு டின் வைக்கக்கூட இடமில்லை. கதவில் பெரிய எழுத்தில் ஒட்டினான்: வெளியாட்கள் உள்ளே வரக்கூடாது. சத்தம் போடக்கூடாது.

தண்ணீர் பக்குவப்பட வேண்டும், ஒரு மாதம் மீன் விடாதீர்கள் என்று தமிழரசு சொல்லியிருந்தார். தனசேகர் சேந்தமங்கலம் ரோட்டில் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் சூப்பர்வைசர். நாற்பதாயிரம் கோழி அவன் பொறுப்பு. அவனுக்குத் தெரியாத வளர்ப்பா? கோழி நன்றாக முட்டை வைக்க தினமும் பதினாறு மணி நேரம் வெளிச்சம் வேண்டும். அதே கணக்கில் தொட்டிக்கும் பதினாறு மணி நேரம் லைட் போட்டான். பத்தே நாளில் தண்ணீர் கீரைக் கடைசல் மாதிரி ஆகிவிட்டது.

"ஏனுங்க, தொட்டிக்குள்ள செடி இருக்குதுங்களா, செடிக்குள்ள தொட்டி இருக்குதுங்களா?" என்றாள் கலைமணி.

கடைக்குப் போன் பண்ணி விவரம் கேட்டதும் அவள்தான். லைட்டை எட்டு மணி நேரமாகக் குறைத்ததும், தண்ணீர் மாற்றியதும், கண்ணாடியில் பாசி வழித்ததும் அவள்தான். தனசேகர் சாயங்காலம் பண்ணையிலிருந்து வந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து, பிரஷரை இறக்குவான்.

மாசியில் ஆறு மீன்கள் வந்து சேர்ந்தன. அந்த வாரமே மாமனாரிடமிருந்து போனும் வந்தது. கலைமணி ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தாள்.

"மாப்ள, சித்திரைல ஊட்ட இடிக்கறமுங்க."

"கேள்விப்பட்டனுங்க மாமா. ரொம்ப சந்தோசம்."

"எனக்குத்தான் எங்க போயி இருக்கறதுன்னு தெரியல."

காளியப்பன் நிறுத்தினார். அந்தப் பக்கம் அவர் காத்திருந்தார். இந்தப் பக்கம் கலைமணி கறிவேப்பிலை உருவிக்கொண்டே காத்திருந்தாள்.

"சின்ன ரூம்ல மீன் தொட்டி வெச்சிருக்கறமுங்க மாமா" என்றான் தனசேகர்.

"மீனுங்களா? கௌஹாத்தில ஒருக்கா இப்படித்தான் மாப்ள..."

இருபத்தைந்து நிமிஷம். ஆனால் அந்த வார்த்தை வெளியே வரவில்லை. போனை வைத்த தனசேகருக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அந்த வார்த்தையையே அவன் விட்டுவிட்டான். பத்திரிகை வைக்க வந்தவர்களைக்கூட, "உக்காருங்க" என்றுதான் வரவேற்றான்.

பங்குனிக் கடைசியில் இரண்டு மீன்கள் ஜோடி சேர்ந்து அகல இலையில் முட்டை வைத்தன. வெள்ளையாக, வரிசையாக, முந்நூறு இருக்கும். பண்ணையில் தினமும் முப்பத்தாறாயிரம் முட்டை பார்க்கிறவன், இந்த முந்நூறைப் பார்த்து நெகிழ்ந்துபோனான். கரு கூடியிருக்கிறதா என்று பார்க்க, பொரிப்பகத்தில் பார்க்கிற மாதிரியே டார்ச் அடித்தான். மீன்கள் மிரண்டன. காலையில் பார்த்தால் பெற்றவையே அத்தனை முட்டையையும் தின்று முடித்திருந்தன. அன்றைக்கு முழுவதும் தனசேகர் ஆம்லெட் சாப்பிடவில்லை. நாமக்கல்லில் அது சாதாரண துக்கம் இல்லை.

சித்திரை பிறந்ததும் மறுபடி முட்டை வைத்தன. இந்த முறை கலைமணி டார்ச்சிலிருந்து பேட்டரியைக் கழற்றி எடுத்து வைத்துக்கொண்டாள். முட்டை பொரிந்தது. ஒரு வாரத்தில் இருநூறு குஞ்சுகள் இலையை விட்டுக் கிளம்பி, தாய்க்கும் தகப்பனுக்கும் பின்னால் புகை மாதிரி நீந்தின. தனசேகர் மூக்கைக் கண்ணாடியில் வைத்தபடி சாப்பாட்டையும் மறந்தான். இந்தத் தொட்டியை எதற்காக வைத்தோம் என்பதையே மறந்துவிட்டான்.

அன்றைக்குத்தான் கலைமணி பையோடு வந்து நின்றாள். தீபிகா தலை சீவிப் பூ வைத்திருந்தது.

"எங்க கெளம்பிட்ட?"

"எங்கூருக்குங்க. நேத்து ஊட்ட இடிச்சாச்சு. அப்பா அங்கயே கொட்டாய் போட்டுக்கிட்டு செங்கல்லுக்குக் காவல் இருக்குது. சோறாக்கிப் போட ஆளு வேணுமில்லீங்க."

"எத்தன நாளு?"

"ஊடு முடியற வரைக்கும்."

"பாப்பா பள்ளிக்கூடம்?"

"இப்ப லீவுதானுங்க. அப்புறம் பாத்தா, அங்கயும் பள்ளிக்கூடம் இருக்குது."

"கலை, மீனு..."

"மீனு உங்களுதுங்க" என்று அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். "உங்க பிரஷருக்கு வாங்குனது."

திங்கட்கிழமை காலை தீனி போட்டுவிட்டுப் பண்ணைக்குப் போனான். சாயங்காலம் வந்து பார்த்தால் நாற்பது குஞ்சுகள் செத்து மிதந்தன. மத்தியானம் இரண்டு மணி நேரம் கரண்டு இல்லையாம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் பைக்கில் ஓடி வந்து தீனி போட்டான். அந்த நேரம் பார்த்துப் பண்ணை முதலாளி ஷெட்டுக்கு வந்து, சூப்பர்வைசர் எங்கே என்று கேட்டிருக்கிறார். சித்திரை வெயிலில் கோழி சுருண்டு விழுகிற காலம். இந்த மாதம் லீவு என்ற பேச்சை எடுத்தால் வேலையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகச் சொல்வார். புதன்கிழமை பக்கத்து வீட்டு அறிவுச்செல்வியிடம் சாவியை நீட்டினான். அந்த அம்மாள் கதவில் இருந்ததை நிதானமாகப் படித்தது.

"வெளியாளுக வரக்கூடாதுன்னு நீங்களே எழுதிப்போட்டீங்க. நமக்கெதுக்குங்க வம்பு."

ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பார்த்தான். எழுபது குஞ்சுகளுக்குமேல் இல்லை. கலைமணிக்குப் போன் போட்டான்.

"கலை, நீ வந்துரு."

"அப்பாவ உட்டுட்டா?"

"மாமாவுக்கு ஓட்டல்ல ஏற்பாடு பண்ணிரலாம்."

"ஓட்டல் சோத்துக்குப் பயந்துதானுங்க அது லாரியவே வித்துச்சு."

தனசேகர் சுற்றி வளைத்தான். "மாமாவும் இங்க இருந்தாருன்னா..."

"இருந்தாருன்னா?"

"அது நல்லாத்தான் இருக்கும்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. அப்பாகிட்டயே சொல்லிருங்க." போன் துண்டானது.

அவன் தொட்டியைப் பார்த்தான். அதே நேரத்தில் கரண்டு போனது. காத்து மோட்டார் நின்றது. அவசரமாகப் பேட்டரி மோட்டாரைப் போட்டான். அதில் பேட்டரி செத்திருந்தது. குஞ்சுகள் ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைத் திறந்தன.

தனசேகர் மாமனார் நம்பரைப் போட்டான். வெளியே தெருவில் லாரி ஹாரன் ஒன்று விடாமல் அடித்தது. மீன் பயந்துவிடும் என்று ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினான். ஹாரன் நின்றது.

"சொல்லுங்க மாப்ள" என்றார் காளியப்பன்.

"நல்லாருக்கீங்களா மாமா?"

"இருக்கறேன்."

"கொட்டாயில வெயிலு ஜாஸ்திங்களா?"

"ஜாஸ்திதான்."

வாழ்க்கையில் முதல் தடவையாகக் காளியப்பன் கௌஹாத்திக்குப் போகாமல் சும்மா இருந்தார். வாயைத் திறந்த குஞ்சுகளைத் தனசேகர் பார்த்தான்.

"வாங்க மாமா."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க மாப்ள. காது மந்தம்."

"ஊட்டுக்கு வாங்க மாமா" என்று தனசேகர் கத்தினான். பெரிய மீன்கள் செடிக்குள் போய் ஒளிந்தன. "எட்டு மாசமும் இங்கயே இருங்க. டிரம்மயெல்லாம் நான் வெளிய எடுத்துப் போட்டர்றேன். தொட்டிக்கு முன்னாலயே கட்டிலப் போட்டுக்கலாம். பகல்ல பூரா நீங்க மீனுகிட்டயே உக்காந்திருக்கலாம். நீங்க வந்தே ஆகோணும் மாமா."

"மாப்ள இவ்வளவு தூரம் கூப்புடறப்ப வராம இருந்தா நல்லாருக்காது."

"எப்பங்க மாமா வாரீங்க?"

"கலை அப்பவே எறங்கச் சொல்லுச்சுங்க. நாந்தான் மாப்ள வாய்ல இருந்து வரட்டும்னு அரமணி நேரமா உங்க வாசல்ல வேனுக்குள்ளயே உக்காந்திருக்கறேன். கதவத் தொறங்க, கட்டில எறக்கோணும்."