நாய் முன்னால், துரை பின்னால்

நாயை நடக்கக் கூட்டிப்போக வீட்டுக்குப் பக்கத்தில் நல்ல வழி ஏதாவது இருக்கிறதா என்று யாராவது கேட்டால், எங்கள் வீட்டில் எல்லோரும் என்னைத்தான் கைகாட்டுவார்கள். காட்டிவிட்டுச் சிரிப்பார்கள். சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் எல்லா ரோட்டிலும், எல்லாக் குறுக்குப் பாதையிலும் ஒரு நாயோடு நடந்து பார்த்தவன் நான். எனக்குச் சொந்தமாக நாய் கிடையாது. நாய் என்றால் பிடிக்கவும் பிடிக்காது (அதற்கு என்னைப் பிடித்திருந்தது, அதுதான் தொல்லை). அந்த நாயால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

அறுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்து மூன்று வயது. தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளாக்கராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவன் ஆபீசுக்குள் மேசை நாற்காலியில் உட்கார்ந்தது அந்தத் தோட்டத்தில் அதுதான் முதல் தடவை என்பதால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். பண்டாரவளைக்குப் போய் இரண்டு காற்சட்டை தைத்துக்கொண்டு வந்திருந்தேன். இந்த வேலையை நம்பித்தான் கீழ்ப் பிரிவின் பெரிய கங்காணி மாரிமுத்து, தன் மகள் ராஜேஸ்வரியை எனக்குத் தரச் சம்மதித்திருந்தார். தை மாதம் கல்யாணம்.

ராஜேஸ்வரி பிள்ளைக் காம்பராவில் வேலை பார்த்தாள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. பெண் பார்க்கப் போனபோது, அழுகிற ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே எனக்குத் தேத்தண்ணீர் கொடுத்தாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. அவளுடைய அப்பாவைப் பார்த்தால்தான் பயம். கறுப்புக் கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை, கையில் குடை, தடித்த மீசை. அந்த மீசைக்கு முன்னால் உட்கார்ந்து, ‘வேலை எப்ப நிரந்தரமாகும்?’ என்ற ஒரே கேள்விக்கு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வெவ்வேறு விதமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த நிலைமையில்தான் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரர், எங்கள் பெரிய துரைக்கு முழங்கால் வீங்கியது. ஜீப்பில் ஏறி இறங்கலாம், நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். துரையிடம் ஒரு நாய் இருந்தது. வெள்ளை உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி. எதிர் மலையில் நின்று பார்த்தாலும் அடையாளம் தெரியும். அதைக் காலையும் மாலையும் நடத்தாவிட்டால் பங்களாவில் இருக்கிற மெத்தைகளைக் கடித்துக் கிழித்துவிடும். பங்களாச் சமையல்காரர் கூட்டிப்போனால் வாசலிலேயே படுத்துவிடும். என்னைக் கண்டால் மட்டும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவரும். நான் தினமும் மத்தியானம் கருவாடு சாப்பிடுகிறவன் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

துரை என்னைக் கூப்பிட்டு நாயின் சங்கிலி, தன் கைத்தடி, வெயிலுக்குத் தன் பழைய தொப்பி மூன்றையும் கொடுத்தார். “நீ கூட்டிப் போறது. எனக்கு நடக்க ஏலாது எண்டு யாருக்கும் சொல்றது இல்லை,” என்றார். தான் நடமாடவில்லை என்று தெரிந்தால் மலையில் வேலை நடக்காது என்பது அவர் பயம்.

முதல் மூன்று நாள் எனக்கு ராஜ வாழ்க்கை. நாய் முன்னால் போகும். நான் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவேன். எதிரே வருகிறவர்கள் சட்டென்று ரோட்டை விட்டு இறங்கி, மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் நின்றுகொள்வார்கள். விரித்த குடை மடங்கும். தலைத்துண்டு கைக்கு வரும். துரை வந்தால் அப்படித்தான் ஒதுங்க வேண்டும் என்பது அந்தக் காலத்துத் தோட்டத்து வழக்கம். அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்த மரியாதை என் பண்டாரவளைக் காற்சட்டைக்குத்தான் என்று நினைத்தேன் (இதை எழுதும்போது எனக்கே என்னை அறையலாம் போல இருக்கிறது). தலையை லேசாக அசைத்து எல்லோருடைய மரியாதையையும் ஏற்றுக்கொண்டு போனேன்.

நாலாவது நாள் கொழுந்தெடுக்கிற ஓர் அக்கா, கானுக்குள் நின்றபடியே, தொரை எவ்வளவு தூரத்தில வர்றாரு என்று என்னைக் கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாய் முன்னால் போனால் துரை பின்னால் வருகிறார் என்பதுதான் அங்கே எல்லோரும் படித்த பாடம். நான் கடந்து போன பிறகும் அவர்கள் கால் மணி நேரம் கானுக்குள்ளேயே, வராத துரைக்காக நின்றிருக்கிறார்கள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. களைப்பாறக் கொஞ்சம் உட்கார்ந்தவர்கள் புள்ளி நாயைக் கண்டு எழுந்து, கூடையை மாட்டிக்கொண்டு மலையேறி ஓடியிருக்கிறார்கள். துரை நடந்த காலத்தில்கூட இவ்வளவு ஓட்டம் இல்லையாம். உண்மையைச் சொல்லக் கூடாது என்பது துரையின் உத்தரவு. அக்காவிடம், வருவாரு, நீங்க போங்க என்று என்னவோ உளறிவிட்டு நகர்ந்தேன்.

எங்கள் பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். விஷயம் அவர் காதுக்குப் போனதும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “தம்பி, சனம் இல்லாத பக்கமாப் பார்த்துக் கொண்டுபோம். உம்மட வேலை இன்னும் நிரந்தரமில்லை எண்டதை மறந்து போடாதேயும்,” என்றார்.

அன்றிலிருந்து நாய்க்கு வழி தேடுவதே என் பிழைப்பாகிப்போனது. முதலில் தோட்டத்துக்கு மேலே இருக்கிற காட்டுக்குப் போனோம். மனிதர் யாரும் இல்லை, அட்டைகள் இருந்தன. என் காலில் ஏறியதை நான் எண்ணவில்லை; நாயின் மூக்குக்குள் ஒன்று ஏறியதற்குத் துரையிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும். பிறகு டவுன் பக்கம் போனோம். ஒவ்வொரு கடை வாசலுக்கும் ஒரு நாய் சொந்தக்காரனாக இருந்தது. நான் வழக்கமாகச் சாமான் வாங்கும் முஸ்லிம் கடைக்காரர் (நானா என்றுதான் கூப்பிடுவோம்), தன் கடைப் படிப்பக்கம் மட்டும் அதைக் கொண்டுவர வேண்டாம், தொழுகைக்குப் போகிறவர்கள் வருகிற இடம் என்று ரொம்பத் தன்மையாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த நாள் கோயில் பாதையில் போனோம். பூசாரி அவ்வளவு தன்மையாகச் சொல்லவில்லை. ஆபீசில் உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்தேன். புதுக் காற்சட்டை இரண்டும் முழங்காலில் நைந்துபோயின. நாய் மட்டும் நாளுக்கு நாள் பளபளவென்று ஆனது.

ஒருநாள் துரை தன் ஊர்க் கதை சொன்னார். அங்கே வீட்டை விட்டு இறங்கினால் கடற்கரையாம். இந்த நாய்க்கு மணல் என்றால் உயிராம். எங்கள் மலை உச்சியில் நின்று பார்த்தால், வானம் தெளிந்த நாளில் தெற்கே கடல் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டுக்கு நாயை எப்படிக் கூட்டிப்போவது? யோசித்தபோது ஆறு ஞாபகம் வந்தது. கீழ்ப் பிரிவுக்கும் கீழே, ஆறு வளைகிற இடத்தில், ஒரு பெரிய பாறையை ஒட்டி இரண்டு வீடு கட்டுமளவுக்கு மணல் திட்டு. மூன்று மணிக்கு எல்லோரும் மலையில் இருப்பார்கள். அங்கே ஒரு ஈ காக்கை இருக்காது.

நாலு நாள் அது சொர்க்கமாக இருந்தது. நாய் மணலைத் தோண்டும், உருளும். நான் தொப்பியைப் போட்டுக்கொண்டு, பாறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஆற்றைப் பார்ப்பேன். யாருக்கும் தொந்தரவு இல்லை. இப்படி ஒரு இடத்தைக் கண்டுபிடித்ததற்காகவே என் வேலையை நிரந்தரமாக்கலாம் என்றுகூட நினைத்தேன்.

ஐந்தாம் நாள் நடந்ததைச் சொல்லும் முன்பு, எனக்குத் தெரியாமல் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். அன்று மாரிமுத்துக் கங்காணி, வேலை நேரத்தில், மலையை விட்டு இறங்கி அதே இடத்துக்குக் குளிக்க வந்திருக்கிறார். கோட்டு, வேட்டி, தலைப்பாகை, குடை எல்லாம் ஒரு புதருக்குப் பின்னால். அவர் பாறைக்கு அந்தப் பக்கம் கோவணத்தோடு சவுக்காரம் போட்டுக்கொண்டிருக்கிறார். அப்போது புள்ளி நாய் வருகிறது. பின்னால் துரையின் தொப்பி வருகிறது. மனிதர் கழுத்துவரை தண்ணீருக்குள் இறங்கிப் பாறை இடுக்கில் மறைந்துகொண்டார்.

நான் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள், நன்றாகவே உட்கார்ந்தேன். முந்திய ஞாயிற்றுக்கிழமை கங்காணி என்னை இரண்டு மணி நேரம் குடைந்தெடுத்திருந்தார். அந்த எரிச்சல் மனதில் கிடந்தது. கையில் துரையின் தடி, தலையில் துரையின் தொப்பி, எதிரே துரையின் நாய். எனக்குத் துரை குரலில் பேச நன்றாக வரும். தடியால் மணலில் ஓங்கித் தட்டினேன்.

“ஏ, மாரிமுத்து. நீ சும்மா மீசை வளக்கிறது. வேலை செய்றது இல்லை. நாளைக்கி உனக்குப் பத்துச் சீட்டு. லயத்த விட்டு ஓடிப் போ.”

பத்துச் சீட்டு என்றால் வேலை போய்விட்டது என்று அர்த்தம். நாய் காதைத் தூக்கிக் கேட்டது. எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

“இல்லாட்டி ஒன்னு செய். உன் மகள அந்தச் சின்னக் கிளாக்கருக்கு உடனே குடு. அவன் நல்ல பையன். கேள்வி கேக்கிறது இல்லை.”

பின்னால் தண்ணீர் சலசலத்தது. “குடுத்துர்றேன் தொரை,” என்று ஒரு குரல் கேட்டது. “வேலைய மட்டும் எடுத்துறாதீங்க. புள்ளகுட்டிக்காரன்.”

திரும்பினேன். தலையெல்லாம் சவுக்கார நுரையோடு, கோவணத்தோடு, இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டு என் வருங்கால மாமனார் நடுங்கிக்கொண்டிருந்தார். குளிரில் மீசை கீழே தொங்கியது. நான் தொப்பியைக் கழற்றினேன். அந்த நிமிடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை என்பதை எழுதித்தான் ஆக வேண்டும். ஐம்பத்தைந்து வயது மனிதர் என்னைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. அவர் கை மெதுவாக இறங்கியது. நாய் ஓடிப்போய் அவர் காலை நக்கியது. அவர் புதருக்குப் பின்னால் போய், ஈர உடம்பிலேயே வேட்டியைச் சுற்றி, கோட்டை மாட்டிக்கொண்டு மலையேறிப் போனார். குடையை மறந்துவிட்டார்.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணம் போனது போனதுதான் என்று முடிவு செய்தேன். ராஜேஸ்வரியை இனி வேறு யாராவது கட்டிக்கொண்டு போவார்கள், நான் நாயோடு நடந்துகொண்டிருப்பேன் என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது. மூன்றாம் நாள் கங்காணி ஆபீசுக்கு வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான் குடையை நீட்டினேன். வாங்கிக்கொண்டு, சுற்றிலும் பார்த்தார்.

“அன்னிக்கு ஈரத்தோட போனத லயத்துல எல்லாரும் பாத்துட்டாங்க,” என்றார். “நாய் இழுத்து நீங்க ஆத்துல விழுந்துட்டீங்க. மலையில இருந்து சத்தம் கேட்டு நான் ஓடியாந்து குதிச்சேன். ரெண்டு பேரையும் கரையில போட்டேன். அப்படித்தான் நடந்துச்சு. என்ன?”

“ஆமாங்க மாமா,” என்றேன்.

“அப்ப தையில கல்யாணம்,” என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார்.

கதை ஒரே நாளில் தோட்டம் முழுக்கப் பரவியது. நாயைக் காப்பாற்றியதற்காகத் துரை கங்காணியைப் பங்களாவுக்குக் கூப்பிட்டுக் கைகுலுக்கினார். அந்தத் தோட்டத்தில் யாருக்கும் கிடைக்காத மரியாதை. ஒரு நாயைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவன் என்று என் வேலையை நிரந்தரமாக்குவதை ஆறு மாதம் தள்ளிவைத்தார். ஒரே ஆறுதல், நாயை இனி என்னிடம் தரவே கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். ராஜேஸ்வரி மட்டும் கல்யாணமான வாரத்தில் ஒரு கேள்வி கேட்டாள்: “ஒங்களக் காப்பாத்த ஓடுறப்ப அப்பா எதுக்குங்க சவுக்காரத்தையும் எடுத்துட்டுப் போனாரு?” கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு விடுமுறைக்கு, பிள்ளைகளையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு மொனராகலை வழியாகப் பஸ்ஸில் பொத்துவில் கடலுக்குப் போனோம். பிள்ளைகள் தண்ணீருக்கு ஓடினார்கள். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். “ஏங்க, தண்ணிப் பக்கம் போகாதீங்க,” என்று ராஜேஸ்வரி கத்தினாள். முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு. உடனே என் பிள்ளைகள் மூவரும் ஓடிவந்து என் கையையும் வேட்டியையும் பிடித்துக்கொண்டார்கள். மாமா மணலில் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மீசை வெளுத்துவிட்டது.

“விட்றாதீங்க, கெட்டியாப் புடிங்க,” என்றார் பிள்ளைகளிடம். “தாத்தாவுக்கு வயசாயிருச்சு. மறுபடியும் குதிக்க ஏலாது.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டிவிட்டு, கணுக்கால் தண்ணீரோடு நின்றுகொண்டேன். எனக்கு நன்றாக நீந்தத் தெரியும்.