மூலைக்குத் திரும்பிய பட்டன்

"இந்த வீட்டுல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!"

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்று சர்வேயர் இப்படி அறிவித்தார். அவர் விரல் நீட்டியது மேசைமேல் இருந்த கம்ப்யூட்டரை. முந்தின நாள் அவர் நிலம் அளக்கப் போயிருந்த நேரத்தில், அவர் மனைவி அதில் புது ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றிவிட்டிருந்தாள்.

அவள் பக்கமும் நியாயம் இருந்தது. முதுகுவலிக்காரர்களுக்கு வீடியோவில் உடற்பயிற்சி சொல்லித்தருகிறவள் அவள். பழைய சிஸ்டத்தில் வகுப்பு பாதியில் அறுந்துபோகும். "குனிங்க" என்று சொன்னது போய்ச் சேர்ந்து, "நிமிருங்க" போய்ச் சேராமல், ஒரு பெண்மணி கால் மணி நேரம் குனிந்தபடியே நின்றிருக்கிறாள்.

ஆனால் காலை நேரக் கம்ப்யூட்டர் சர்வேயருடையது. வரைபடம் எல்லாம் அதில்தான்.

"மூலையில இருந்த பட்டனைக் காணோம்!"

"நடுவுல இருக்கு பாருங்க."

"நடுவுல அதுக்கு என்ன வேலை? இருபது வருஷமா என் கை தானா மூலைக்குப் போகுது. இப்ப அங்க போனா வெட்டவெளி!"

"மூலை மாறினதுக்கே மூளை நின்னுபோச்சா?"

"காப்பியையும் காணோம்!"

"இப்பதானே குடிச்சீங்க?"

"குடிக்கிற காப்பி இல்லம்மா! ஃபைலை எடுக்கிற காப்பி! முன்னெல்லாம் எழுத்துல இருந்தது. இப்ப ரெண்டு சீட்டை ஒட்டவெச்ச மாதிரி ஒரு படம். எது என்னன்னு எவனுக்குத் தெரியும்?"

சர்வேயர் புலம்பிவிட்டுச் சும்மா இருக்கிற ரகமில்லை. சிஸ்டம் செய்த கம்பெனிக்குப் பதினேழு குறைகளோடு கடிதம் அனுப்பினார். அதில் ஒன்பதாவது: "திரையில் திறக்கும் கட்டங்களின் ஓரங்களை வட்டமாக்கியிருக்கிறீர்கள். நிலம் அளக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், மூலை என்றால் கூராக இருக்கவேண்டும்."

கடிதம் போன கையோடு மனைவி பக்கம் திரும்பினார். "சாயங்காலத்துக்குள்ள பழசு வரலேன்னா, மொத்தத்தையும் அழிச்சுட்டு நானே பழசைப் போட்டுடுவேன்."

அவள் முகம் சட்டென்று மாறியது. இருபத்திரண்டு முதுகுகளின் குறிப்புகள் அதற்குள் இருந்தன. யாருக்கு எங்கே வலி, யார் எதுவரை குனியலாம் என்று ஒரு வருடம் உட்கார்ந்து எழுதியவை.

"நீங்க கை வைக்காதீங்க. நானே மாத்தித் தர்றேன். போய்க் குளிச்சுட்டு வாங்க."

சர்வேயர் பாட்டுப் பாடியபடி குளித்தார். ஒரு மிரட்டலில் வீடு வழிக்கு வந்துவிட்டதே! துவட்டிக்கொண்டே வந்து பார்த்தால், திரையில் பழைய சிஸ்டத்தில் இருந்த அதே மலைப்படம். மூலையில் பட்டன். கை தானாகப் போனது, அதுவும் தானாகத் திறந்தது.

"ஆஹா! இது சிஸ்டம்! வேகத்தைப் பாத்தியா? இந்தக் காப்பிப் படத்தைப் பாரு, பழசுல எவ்வளவு தெளிவா இருக்கு!"

"ஆமாங்க" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே.

அந்த வாரம் முழுக்க வகுப்பு ஒரு தடவைகூட அறுபடவில்லை. தான் போட்ட சத்தத்தில் பழைய சிஸ்டமும் திருந்திவிட்டது என்று சர்வேயர் முடிவு கட்டினார். படிக்கட்டில் எதிர்ப்பட்டவர்களை எல்லாம் நிறுத்திப் பழசின் பெருமை பேசினார். மாடிவீட்டுப் பல் டாக்டர் புதுசை ஏற்றிக்கொண்டு திண்டாடுகிறார் என்று கேள்விப்பட்டதும், லேப்டாப்போடு கீழே வரச் சொன்னார்.

"டாக்டர், போட்டி! ஒரு ஃபோல்டர் திறக்கணும், ஒரு படத்தைக் காப்பி பண்ணி உள்ள போடணும். உங்க புதுசா, என் பழசா, பாத்துடுவோம்."

டாக்டர் மூலையில் தேடி, நடுவில் தேடி, கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதற்குள் சர்வேயர் முடித்துவிட்டுக் காலாட்டிக்கொண்டிருந்தார்.

டாக்டர் சரணடைந்தார். "எனக்கும் பழசையே போட்டுக் குடுங்கம்மா. புண்ணியமாப் போகும்."

"அதுக்கென்ன டாக்டர், ஒரு நிமிஷம்" என்று அவள் லேப்டாப்பை இழுத்துக்கொண்டாள்.

சர்வேயர் பெருமையோடு அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். அவள் எதையும் அழிக்கவில்லை. எதையும் ஏற்றவுமில்லை. செட்டிங்ஸைத் திறந்து, பட்டனின் இடம் 'நடு' என்று இருந்ததை 'இடது' என்று மாற்றினாள். பட்டன் நழுவி மூலைக்குப் போனது. அப்புறம் மலைப்படத்தைத் தேடிப் பின்னணியில் போட்டாள். லேப்டாப்பைத் திருப்பி டாக்டரிடம் நீட்டினாள்.

"அவ்வளவுதான்."

சர்வேயர் தன் கம்ப்யூட்டரைப் பார்த்தார். திறந்திருந்த கட்டத்தின் நாலு மூலையும் வழுவழு என்று வட்டமாக இருந்தன.

"நம்ம வீட்லயும்... இதேதானா?"

"இதேதாங்க."

டாக்டருக்கு எதுவும் காதில் விழவில்லை. அவர் தன் திரையைத் தடவிக்கொண்டிருந்தார். "அப்பாடா! இப்பதான் மூச்சு வந்தது. பழசோட சுகமே தனி! இவ்வளவு விவரமான வீட்டுக்காரர் கிடைக்க நீங்க குடுத்து வெச்சிருக்கணும்மா."

"ஆமா டாக்டர்" என்றாள் அவள். "எது பழசுன்னு மட்டும் நாம சொல்லிட்டாப் போதும், அதோட அருமையை எல்லாம் அவரே கண்டுபிடிச்சுடுவார்."