உபாகமம் கட்டிய கைப்பிடிச்சுவர்

தாராவி முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் மோசேயின் சட்டத்துக்கு எங்கள் மாடிவீட்டுக்காரரைப் போல் பயந்த ஆள் கிடைக்கமாட்டார். அவருடைய இயற்பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவர் உபாகமம். பைபிளில் மோசேயின் ஐந்து ஆகமங்களில் கடைசி அது. பக்கத்துக்குப் பக்கம் சட்டம். மற்றவர்கள் அதே பைபிளில் சங்கீதப் பாடல்களைப் படித்து உருகுவார்கள் என்றால், இவர் சட்டம் படித்துப் பூரித்துப்போவார்.

கள்ள எடை கூடாது என்று அதில் இருக்கிறதாம். அதனால் மீன் வாங்கப் போகும்போது சட்டைப்பையில் சொந்தமாக ஓர் அரைக்கிலோ எடைக்கல் இருக்கும். "தராஜு மேரா, வஜன் தேரா?" தராசு என்னுடையது, எடைக்கல் உன்னுடையதா என்று மீன்காரி தலையில் அடித்துக்கொள்வாள். கடைசியில் பார்த்தால், இவருடைய கல்தான் எடை கூடுதல். மனுஷன் ஆடிப்போய்விட்டார். இத்தனை நாள் கூடுதலாக வாங்கியதற்கு ஈடாக, மறுநாள் மீன்காரிக்கே ஒரு டப்பா நிறைய மீன் பொரித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மாடியில் அவருக்கு வாடகைக்கு ஓர் அறை, மீதி மொட்டைமாடி. சுற்றிலும் ஒரு சாண் தடுப்புகூடக் கிடையாது. கீழே எங்கள் அறையில் காற்று வராததால், சாயங்காலம் என் மனைவி எட்டு மாதப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் உட்காருவாள். ஒருநாள் உபாகமம் என்னை மறித்தார்.

"தம்பி, பாப்பா தவழுதா. செவரு வேணும்."

"வீட்டுக்காரர்ட்ட சொல்லுங்க அண்ணாச்சி."

"சொல்லியாச்சு, பாப்போம்னுட்டாரு. மாடிக்குக் கைப்பிடிச்செவரு வைக்கணும், இல்லன்னா விழுதவன் ரத்தப்பழி வீட்டு மேலன்னு எழுதியிருக்கு."

"வீடு உங்களுது இல்லையே."

"வாடகைக்காரனா சொந்தக்காரனான்னு பாத்தா பழி வரும்?"

என் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியாதா என்று எரிச்சலாக வந்தது. அவரோ சுவர் கட்ட ஆரம்பித்துவிட்டார்.

வாடகைக்காரன் தன் வீட்டில் சுவர் எழுப்புவது பிடிக்காத வீட்டுக்காரர், உபாகமத்தின் சபைப் போதகரையே அழைத்துவந்து புத்தி சொல்லவைத்தார். "நாம இப்போ மோசேயோட நியாயப்பிரமாணத்துக்குக் கீழ இல்ல, கிருபைக்குக் கீழ இருக்கோம்" என்றார் போதகர்.

"கிருபை இருக்கு ஐயா. செவருதான் இல்ல."

போதகர் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

சந்துக்குள் செங்கல் வண்டி வரக்கூடாது என்று வீட்டுக்காரர் தடுத்துப் பார்த்தார். உபாகமத்துக்கு அம்பர்நாத்தில் ஒரு பட்டறையில் வேலை. அங்கே செங்கல் வாங்கி, தினமும் இரண்டிரண்டாக டிபன் பையில் வைத்து லோக்கல் ரயிலில் கொண்டுவந்தார். சாயங்காலக் கூட்டத்தில் அந்தப் பை இடிக்காத முழங்கால் இல்லை. "பேக் மே க்யா ஹை?" பையில் என்ன என்று ஒருவர் சீறியிருக்கிறார். "கானூன்" என்றாராம் இவர். சட்டம். இடிபட்டவர் முழங்காலைத் தடவிக்கொண்டே, "பகுத் பாரி கானூன் ஹை" என்றாராம். ரொம்பக் கனமான சட்டம்தான்.

காலையில் வேலைக்குப் போகுமுன் கட்டுவார். ஞாயிற்றுக்கிழமை செங்கல்லைத் தொடமாட்டார், அதற்கும் சட்டம் இருக்கிறது. நாலு மாதத்தில் சுவர் இடுப்புக்கு வந்தது. நேராக இருந்தது என்று சொன்னால் எனக்குத்தான் பழி வரும்.

ஒரு சாயங்காலம் மாடியிலிருந்து மனைவி கூப்பிட்டாள். ஓடினேன். என் பெண் எழுந்து நின்று, அந்தக் கோணல் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓர் அடி வைத்தாள். பிறகு இன்னோர் அடி. சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். பதினைந்து அடிக்குக் கீழே சாக்கடைக் கல்.

நன்றி சொல்ல அண்ணாச்சியைத் தேடினால், அவர் பாப்பாவின் தலைக்கும் சுவர் உச்சிக்கும் நடுவே நூல் பிடித்து அளந்துகொண்டிருந்தார்.

"பாப்பா நின்னுட்டா தம்பி. இனிமே ஏறுவா. இன்னும் ரெண்டு வரி கல்லு வைக்கணும்."

பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் சிமெண்ட் குழைக்க உட்கார்ந்தேன்.