ஒரே காகம், நாற்பத்தேழு அருச்சனை

"உந்தக் காகம் ஆற்றை காகம்?"

அந்தக் காகம் யாருடையது என்று ரொறன்ரோவிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண் போனில் கேட்டால், உரும்பிராயில் இருக்கிற மனிதர் என்னதான் பதில் சொல்வார்? மகள் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்ததால் அவளுடைய போனை எடுத்திருந்த பரமலிங்கம், "பிழையான நம்பர், அம்மா" என்று மரியாதையாகச் சொல்லி வைத்தார்.

போன் மறுபடியும் அடித்தது.

"வைக்காதேங்கோ. நான் கனகாம்பிகை. என்ரை மகனின்ரை கலியாணம் சரிவரோணும் எண்டு உங்களிட்டை அருச்சனைக்குக் காசு கட்டினனான். வீடியோவில ஒரு காகம் வந்து தட்டில இருந்த வாழைப்பழத்தைத் தூக்குது. பாரிசில இருக்கிற என்ரை மச்சாளுக்கு வந்த வீடியோவிலயும் அதே காகம், அதே வாழைப்பழம். நீங்கள் கள்ளர். நான் சும்மா விடமாட்டன்."

மகள் துஷாந்தினிக்குப் பதினாறு வயது. ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்தாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவள் சும்மா இருக்கவில்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் பெயரும் நட்சத்திரமும் அனுப்பினால், ஊர்க் கோயிலில் அருச்சனை செய்து வீடியோ அனுப்பப்படும் என்று பேஸ்புக்கில் ஒரு பக்கம் திறந்திருந்தாள். நாற்பத்தேழு பேர் காசு கட்டியிருந்தார்கள். நடந்த அருச்சனை ஒன்றே ஒன்றுதான். அதுவும் போன வருடம் அவளுடைய பிறந்தநாளுக்கு அயலூர்க் கோயிலில் நடந்தது.

"ஐயர் பெயர் சொல்லுற இடத்தில என்ன செய்தனி?" என்றார் பரமலிங்கம்.

"மணிச் சத்தத்தைக் கூட்டி வைச்சிட்டன் அப்பா. அவையவைக்குத் தங்கடை பெயரைச் சொன்ன மாதிரித்தான் கேக்கும்."

ஒரு கணம் அவருக்குப் பெருமையாக இருந்தது, பொய் சொல்லக்கூடாது. அடுத்த கணம் பென்சன் நினைவுக்கு வந்தது. முப்பத்திரண்டு வருடம் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். ஒரு பேனையைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனிதர். பென்சனுக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. அதற்குள் பொலிசில் பெயர் ஏறினால் பென்சனை மறந்துவிடலாம்.

"சிம் ஆற்றை பெயரில?"

"உங்கடை."

"காசு எங்கை வந்தது?"

"அம்மாவின்ரை கணக்குக்கு."

குணலட்சுமி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். "எனக்கென்ன தெரியும்? போன் வாங்கிக் குடுத்தது ஆர்? அவனைக் கேளுங்கோ."

அவன் என்றது அவளுடைய தம்பி கிருஷாந்தை. பக்கத்து வளவு. கூப்பிட முதலே வேலியடிக்கு வந்துவிட்டான்.

"நான் போன்தான் குடுத்தனான் அக்கா. மூளை நீங்கள் ரெண்டுபேரும் குடுத்தது."

அரைமணித்தியாலம் மூன்று பேரும் பிழையைப் பந்துபோல எறிந்து விளையாடினார்கள். ஒருவரும் பிடிக்கவில்லை. கடைசியில் கிருஷாந்தான் வழி சொன்னான்.

"அத்தான், சிம்மைக் கிணத்துக்கை போடுங்கோ. சாட்சி போச்சு."

போட்டார். மகள் மாற்று நம்பராகத் தாயின் நம்பரைப் பேஸ்புக் பக்கத்தில் போட்டிருந்த விஷயம் அதன் பிறகுதான் தெரிந்தது. முதல் நம்பர் செத்துப்போனதைக் கண்டவர்களுக்குச் சந்தேகம் வந்தது. பொழுதுபட முதல் குணலட்சுமியின் வட்சப்பில் ஒன்பது பேர் ஏசியிருந்தார்கள்.

அப்போதுதான் பரமலிங்கத்துக்குள் இருந்த கிளாக்கர் விழித்துக்கொண்டார்.

"செய்யாமல் விட்டதுதானே களவு? இப்ப செய்துபோட்டால்? பிந்திச் செய்தது எண்டுதான் வரும். எங்கடை கந்தோரில எல்லாம் பிந்தித்தானே நடக்குது."

மறுநாள் காலை நாற்பத்தேழு பெயரோடும் ஒழுங்கை முடக்கில் இருந்த வைரவர் கோயிலுக்குப் போனார். பதினெட்டாவது பெயரில் ஐயர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆர் பரமலிங்கம் உவையெல்லாம்?"

"சொந்தக்காரர், ஐயா."

"ஜோன் பீற்றர், ரேவதி நட்சத்திரம் எண்டு கிடக்கு."

"கனடாவில கலப்புக் கலியாணம், ஐயா."

ஐயர் வைரவரை ஒருமுறை பார்த்துவிட்டு ஜோன் பீற்றருக்கும் பூப்போட்டார். துஷாந்தினி அத்தனையையும் படம் பிடித்து, இந்த முறை மணியைக் குறைத்து, நாற்பத்தேழு பேருக்கும் அனுப்பினாள். பரமலிங்கம் நிம்மதியாக இரண்டு இடியப்பம் கூடச் சாப்பிட்டார்.

கை கழுவ முதல் பதில்கள் வந்தன.

"முந்தி வந்த வீடியோவில ஐயர் மெல்லிசு. இதில வண்டி வயிறு வைச்சிருக்கிறார். எது உண்மை?"

"இது உண்மையெண்டால் அது பொய். ஒப்புக்கொண்டதுக்கு நன்றி."

ஏசியவர்கள் ஒன்பதிலிருந்து நாற்பத்தாறாகிவிட்டார்கள். கனகாம்பிகை மட்டும் ஏசவில்லை. "சனிக்கிழமை ஊருக்கு வாறன். நேரில கதைப்பம்" என்று குரலில் அனுப்பியிருந்தாள். ஏச்சைவிட அதுதான் பரமலிங்கத்துக்குப் பயமாக இருந்தது.

சனி காலை பாடம் ஒப்புவிப்பதுபோல மூன்று பேரும் பழகினார்கள். சிம் தொலைந்துவிட்டது. கணக்கைப் பற்றித் தெரியாது. போனை ஒருவரும் கொடுக்கவில்லை. மகளைப் பரமலிங்கம் அறைக்குள் இருத்தினார். "என்ன நடந்தாலும் நீ வெளியால வராதை, பிள்ளை" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

பத்து மணிக்கு ஓட்டோ வந்தது. கனகாம்பிகைக்கு அறுபது வயதிருக்கும். பட்டுச்சீலைக்குக் கீழே ஓட்டப்பந்தயச் சப்பாத்து. முகம் நிறையச் சிரிப்பு. ஓட்டோக்காரப் பொடியன் விறாந்தை ஓரமாக நின்றான். குணலட்சுமி அவனுக்கும் ஒரு தேத்தண்ணி கொடுத்தாள்.

"மகனுக்குச் சரிவந்திட்டுது," என்றாள் கனகாம்பிகை. "ஆறு வருசமா இழுபட்ட விஷயம். உந்தக் காகம் வந்த கிழமையே பொம்பிளை வீட்டார் ஓமெண்டிட்டினம். பொய் அருச்சனையோ மெய் அருச்சனையோ, எனக்கு அது தேவையில்லை. செய்த ஆளின்ரை கழுத்தில ஒரு சங்கிலி போடோணும் எண்டு வந்தனான்."

மடியில் சிவப்புப் பெட்டியைத் திறந்தாள். ஐந்து பவுண் குறையாது.

"ஆர் செய்தது?"

பரமலிங்கத்தின் கண் பெட்டியைவிட்டு அகலவில்லை.

"நான்தான்," என்றார் பரமலிங்கம். "சிம் என்ரை பெயரில. மணியைக் கூட்டி வைக்கிற யோசனையும் என்ரைதான்."

"இவருக்கு மணியும் தெரியாது, ஒண்டும் தெரியாது," என்று குணலட்சுமி முன்னுக்கு வந்தாள். "கணக்கு என்ரை. நாப்பத்தேழு பேரின்ரை காசையும் எண்ணி எடுத்தது நான்."

வேலியடியில் கேட்டுக்கொண்டு நின்ற கிருஷாந் தாண்டிக் குதித்தான். "வீடியோவை வெட்டி ஒட்டினது ஆர் அக்கா? போன் ஆற்றை? சிம்மைக் கிணத்துக்கை போடச் சொன்னதே நான்தானே."

"அப்பா, கதைக்காதேங்கோ," என்று அறைக்குள்ளிருந்து துஷாந்தினி கத்தினாள்.

"பெரியாக்கள் கதைக்கேக்கை குறுக்க வராதை," என்றார் பரமலிங்கம். பிறகு கனகாம்பிகையிடம் திரும்பினார். "அவளுக்கு இதில ஒரு சம்பந்தமும் இல்லை அம்மா. உது சின்னப்பிள்ளையள் செய்யிற வேலையோ? துவக்கத்திலயிருந்து எல்லாம் நான்."

"நான்," என்றாள் குணலட்சுமி.

"நான்," என்றான் கிருஷாந்.

ஓட்டோக்காரப் பொடியன் தேத்தண்ணிக் கோப்பையை மெல்லக் கீழே வைத்தான். சேட்டுப் பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து, பேனையைத் திறந்தான்.

"ஒவ்வொருத்தரா ஆறுதலாச் சொல்லுங்கோ அண்ணை," என்றான். "நான் பொலிசில சேர்ந்து ரெண்டு மாசம்தான், வாக்குமூலம் கெதியா எழுத வராது."