அறுப்பின் பண்டிகையில் ஏலம் போன பாசிப் போத்தல்

காணி விற்பவரையும் வாங்குபவரையும் வாசலில் காக்கவைத்துவிட்டு, ஒரு புழுவுக்குச் சாப்பாடு தீத்துகிற நொத்தாரிசு உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பருத்தித்துறையில் இருக்கிறார். அவரிடம் கிளாக்கராக இருக்கும் பாக்கியம் எனக்கு. ஊர் அவருக்கு வைத்த பெயர் பாசி ஐயா.

காணிப் பத்திரமான உறுதிகளை எழுதும் மேசைக்குப் பக்கத்தில் ஐயாவின் கடல்நீர்த் தொட்டி. கொழும்பிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த பவளங்களும், தான் கட்டிய குழாய்க்குள்ளிருந்து இரை பிடிக்கும் இறகு விசிறியை விரிக்கும் ஒரு கடற்புழுவும் அதன் குடிகள். ஐயாவுக்குச் சுத்தத்தில் பைத்தியம். வடிகட்டி, அழுக்கை நுரையாகத் தள்ளும் கருவி, வாராவாரம் புதுத் தண்ணீர் என்று கழுவித் துடைத்ததில் தொட்டி பளிச்சென்று மின்னியது. ஆனால் தண்ணீரில் தின்ன ஒன்றும் மிஞ்சவில்லை. ஒருநாள் புழு தன் விசிறியைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குழாய்க்குள் போய் ஒளிந்துகொண்டது.

"பட்டினியிலை கழட்டிப்போட்டுது. உயிருள்ள பாசி குடுத்தால் திரும்ப முளைக்கும். முளைக்கப் பண்ணிக் காட்டுறன் பாரும்!" என்றார் ஐயா.

இறால் பண்ணை ஒன்றிலிருந்து, கண்ணுக்குத் தெரியாத கடற்பாசியின் வித்து வந்தது. சோடாப் போத்தல்களில் உப்புத் தண்ணீர், கொஞ்சம் உரம், ரியூப்லைட் வெளிச்சம், காற்றுக் குழாய். அலுவலகம் முழுக்கக் குமிழிச் சத்தம். தண்ணீர் பச்சை பிடித்ததும் ஐயா அதைச் சிரிஞ்சில் எடுத்துத் துளித்துளியாகத் தொட்டிக்குள் விடுவார். கூடினால் தண்ணீர் கெடும், குறைந்தால் புழு சாகும். அந்த நேரத்தில் யாரும் தும்மக்கூட முடியாது.

"ஐயா, எனக்குப் பிளேனுக்கு நேரமாகுது" என்று கனடாவிலிருந்து காணி விற்க வந்த ஒருவர் கெஞ்சினார்.

"பிளேன் நாளைக்கும் பறக்கும். உது நாளைக்கு இருக்குமோ தெரியாது. இரும்!"

இந்த நேரம் பார்த்து எங்கள் கிறிஸ்தவ சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது. அவரவர் விளைவித்ததைப் படைப்போம். ஆராதனை முடிய எல்லாம் ஏலம் போகும். வருடாவருடம் சந்தையில் வாங்கிய வாழைக்குலையைக் கொடுத்துவந்த ஐயா, "இந்த முறை என்ரை கையாலை விளைஞ்சதைத்தான் குடுப்பன்" என்று நின்றார். இருந்ததிலேயே நல்ல பச்சைப் போத்தலுக்கு ரிபன் கட்டி, சனிக்கிழமையே கோயிலுக்குக் கொண்டுபோய், மற்றவர்கள் படைத்த பூசணிக்காய்களுக்கு நடுவே வைத்தார்.

ஞாயிறு காலை கோயிலுக்குப் போகும் வழியில் அலுவலகத்தைத் திறந்தால், மிச்சப் போத்தல்கள் எல்லாம் தேத்தண்ணி நிறம். தொட்டித் தண்ணீர் பட்ட சிரிஞ்சைக் கழுவாமலே போத்தல்களுக்குள் விட்டிருக்கிறார். அதோடு போன ஏதோ பூச்சி பாசி முழுவதையும் விழுங்கிவிட்டது. சுத்தத்துக்குப் பெயர்போன மனிதர்! பண்ணையிலிருந்து மறுபடி வித்து வரும்வரை புழு தாங்காது. உயிரோடு இருந்த பாசி கோயிலில், ரிபன் போத்தலில் மட்டும்தான்.

படைத்ததைத் திருப்பிக் கேட்க முடியாது. ஏலத்தில்தான் எடுக்கவேண்டும். ஐயா விலை கேட்டார். உடனே முன்வரிசையிலிருந்து, பள்ளிக்கூட வேலையிலிருந்து இளைப்பாறிய, ஊரே பயப்படும் ரீச்சர் கூட்டிக் கேட்டார்.

"நல்ல குறிஞ்சா இலைச் சாறு. சீனி கூடின என்ரை சலரோகத்துக்கு உதுதான் மருந்து."

"ரீச்சர், அது குடிக்கிற சாமான் இல்லை!"

"விலையைக் குறைக்கிறதுக்குக் கதை விடாதையும்!"

விலை பூசணிக்காயைத் தாண்டியது. சேவலைத் தாண்டியது. ஆட்டுக்கடாவை நெருங்கியபோது ஐயாவின் பையும் காலி, என் பையும் காலி. ஐயா தான் உட்கார்ந்திருந்த வாங்கின் மேல் ஏறி நின்றார்.

"அங்கை ஒரு சீவன் பட்டினி கிடக்குது ரீச்சர்! உதை விட்டால் அதுக்கு வேறை சாப்பாடில்லை!"

கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"ஆரின்ரை பிள்ளை அது?" என்றார் ரீச்சர்.

"பிள்ளை இல்லை. புழு."

போதகரே பூசணிக்காய்க்குப் பின்னால் குனிந்து சிரித்தார். ஐயா இறங்கவில்லை, தலையும் குனியவில்லை. சிரிக்காமல் இருந்தது ரீச்சர் ஒருவர்தான். இன்னொருமுறை விலையைக் கூட்டிப் போத்தலைத் தனதாக்கிக்கொண்டு நேரே எங்களிடம் வந்தார்.

"வாரும், காட்டும். பொய்யெண்டால் முழுப் போத்தலையும் உமக்குத்தான் பருக்குவன்."

கோயில் சேலையோடு வந்து தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தவர், அதன்பிறகு ஒவ்வொரு காலையும் வந்தார். அவருடைய போத்தலிலிருந்து ஐயா புதுப் போத்தல்களில் பாசி வளர்த்தார். இப்போது சிரிஞ்சை அவித்துக் காயவைத்தார். குழாய் மூடியபடியே கிடந்தது. நான் நம்பிக்கையை விட்டுவிட்டேன், ஐயா விடவில்லை.

ஒரு காலை குழாயின் வாயில் நகக்கண் அளவில் ஒரு விசிறி எட்டிப் பார்த்தது.

"இவ்வளவுதானோ?" என்றார் ரீச்சர்.

"ஓம் ரீச்சர், இப்போதைக்கு இவ்வளவுதான்" என்றார் ஐயா. கண்ணைத் துடைக்க ரீச்சர் தன் லேஞ்சியை எடுத்து நீட்டினார். எனக்கும் ஒன்று தேவைப்பட்டது.

யாழ்ப்பாணத்தில் கூடிய சம்பளத்துக்கு என்னைக் கேட்டார்கள். போகவில்லை. காலையில் அந்த மனிதர் மூச்சடக்கித் தொட்டிக்கு முன்னால் நிற்கும்போது, தொலைபேசியை எடுத்து "ஐயா இப்ப கதைக்கமாட்டார்" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டாமா?